குரூயல் கன்ட்ரியா, கசினா? வில்கோவின் இரண்டு ஆல்பங்கள்

2022 மே மாதம் ‘குரூயல் கன்ட்ரி’ வந்தது, 2023 செப்டம்பரில் ‘கசின்’. இடையில் பதினாறே மாதம். இரண்டும் வில்கோ என்ற ஒரே சிகாகோ ராக் குழுவின் ஆல்பங்கள் என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர் நம்பவே மாட்டார். எதில் தொடங்கலாம் என்று கேட்டால் நான் யோசிக்காமல் ‘குரூயல் கன்ட்ரி’ என்பேன்.

அங்கிள் டுபெலோ என்ற குழு 1994இல் உடைந்தபோது அதிலிருந்த ஜே ஃபாரர் சன் வோல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். பாடகர் ஜெஃப் ட்வீடி மற்றவர்களோடு வில்கோவை ஆரம்பித்தார். கன்ட்ரி இசையை ராக்கோடு கலக்கும் ஆல்ட்-கன்ட்ரியில் பிறந்த குழு, 2002இல் ‘யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்’ ஆல்பம் வந்த நேரத்தில் அந்தப் பாணியைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. அதனால்தான் மறுபடியும் கன்ட்ரி பக்கம் திரும்பிய ‘குரூயல் கன்ட்ரி’யின் முதல் பாட்டு தொடங்கியதுமே எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆறு பேரும் சிகாகோவில் உள்ள தங்கள் ‘லாஃப்ட்’ ஸ்டுடியோவில் ஒன்றாக உட்கார்ந்து, பெரும்பாலும் நேரடியாக வாசித்தே பதிவு செய்திருக்கிறார்கள். அது காதில் விழுகிறது. ‘பேர்ட் வித்தவுட் எ டெயில்’ பாட்டில் ட்வீடி பாடி முடித்த பிறகும் இசை நிற்பதில்லை. ஒரு கிட்டார் சின்னதாக ஏதோ சொல்ல, இன்னொன்று அதை எடுத்துக்கொண்டு மேலே போகிறது. க்ளென் கோச்சியின் டிரம்ஸ் அவசரப்படாமல் கூடவே வருகிறது. யாரும் தன் திறமையைக் காட்டத் துடிக்கவில்லை. நெல்ஸ் க்ளைன் போன்ற ஒரு கிட்டார் கலைஞர் இவ்வளவு அடக்கி வாசிப்பதைக் கேட்பதே தனி இன்பம். எட்டு நிமிடத்தை நெருங்கும் ‘மெனி வேர்ல்ட்ஸ்’ பாட்டும் அப்படித்தான்.

குறை இல்லாமல் இல்லை. 21 பாட்டு அதிகம். இரண்டாம் பாதியில் மெதுவான மெட்டுகள் அடுத்தடுத்து வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. நாலைந்தைக் குறைத்திருக்கலாம்.

‘கசின்’ பத்தே பாட்டு. தயாரித்தவர் வேல்ஸைச் சேர்ந்த கேட் லெ பான். அந்தப் பாட்டுகளின் வேலை முன்பே தொடங்கியிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் ‘குரூயல் கன்ட்ரி’யை முடித்தார்கள். தொடக்கப் பாட்டான ‘இன்ஃபினிட் சர்ப்ரைஸ்’ கடிகாரம் போல டிக்டிக்கென்று ஆரம்பித்துப் பெரிய இரைச்சலில் முடிகிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார் லெ பான். நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கும் அந்த நெருக்கம் இதில் குறைவு. முதல் தடவை கேட்டபோது பாதிப் பாட்டுகள் மனசில் ஒட்டவே இல்லை.

‘டென் டெட்’ மட்டும் விதிவிலக்கு. ரேடியோவைப் போட்டால், பத்துப் பேர் செத்துப்போன செய்தி. அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு எவ்வளவு பழகிப்போய்விட்டது என்பதை ட்வீடி ஏறக்குறைய பேசுகிற குரலில் பாடுகிறார்; கோபம்கூடத் தீர்ந்துபோன ஒரு மனிதரின் குரல் அது. இரண்டு ஆல்பத்திலும் சேர்த்து என்னை அதிகம் உலுக்கிய பாட்டு இதுதான். இதற்கு இந்த இறுக்கமான ஒலி அவ்வளவு பொருந்துகிறது.

அடுத்து ‘கசின்’ பக்கம் போகிறவர்கள் கடைசிப் பாட்டான ‘மென்ட் டு பி’யை முதலில் கேளுங்கள். அதில் வெளிச்சமும் வேகமும் இருக்கின்றன. அது பிடித்துவிட்டால் ‘எவிக்டட்’, பிறகு ‘டென் டெட்’. ‘இன்ஃபினிட் சர்ப்ரைஸ்’ அதற்கப்புறம் போதும்.