விறகு வாங்கும்போது நடுக்கட்டையைப் பிளந்து பாருங்கள்

தீபாவளிப் பலகார ஆர்டருக்காக ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு டன் கருவேல விறகு வாங்கினோம். விலை 6,000 ரூபாய். "ஆறு மாசம் காய்ஞ்ச கட்டைண்ணே, நம்பி எடுங்க" என்றார் கடைக்காரர். வண்டியில் மேலே கிடந்தவை நல்ல கட்டைகள்தான். பட்டை கழன்று, முனையில் வெடிப்பு விட்டிருந்தது. ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீரென்றது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் முறுக்குச் சட்டியை ஏற்றிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அடியிலிருந்து எடுத்த கட்டை எதுவும் பற்றவில்லை. அடுப்புக்கு வெளியே நீட்டிய முனையில் நுரை கட்டி, உஸ்ஸென்று தண்ணீர் கொதித்து வடிந்தது. எண்ணெய் காயாமல் முறுக்கெல்லாம் எண்ணெய் குடித்துவிட்டது. நாலு படி மாவு வீண். அதைவிட, அடுப்படியில் நிற்கும் அக்கா அன்று முழுக்கப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கட்டைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை சூடு சட்டிக்கு வராது. தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கத் தேவை.

ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டு கட்டைகளோடு கடைக்குப் போனேன். அவர் மீட்டரை வாங்கி, கட்டையின் முனையில் ஊசியைக் குத்தினார். 17. "பாருங்க, எவ்வளவு காய்ஞ்சிருக்கு!" கோடாலி கேட்டேன். அங்கேயே பிளந்து, உள்பக்கத்தில் நார் ஓடும் திசையில் குத்தினேன். 38. முனையும் மேல்பக்கமும் சில நாள் வெயிலிலேயே காய்ந்துவிடும். ஈரம் நடுவில்தான் நிற்கும். 20-க்குக் கீழே காட்டினால்தான் அடுப்புக்கு ஆகும். 30-க்கு மேல் போனால் மீட்டரின் எண் அவ்வளவு துல்லியமாக இருக்காது, பச்சை மரம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மீட்டர் சொல்வது முழுக்கக் காய்ந்த மரத்தின் எடை 100 என்றால் அதோடு தண்ணீர் எத்தனை என்பதை. 50 என்று காட்டினால் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்.

"மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி 500 ரூபாய் கொடுத்தார். அவ்வளவுதான்.

மீதி விறகைப் பிளந்து, செங்கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டேன். தார்ப்பாயால் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு எடை பார்த்து வைத்தேன்: அன்று 2.4 கிலோ, தை கடைசியில் 1.6. அந்தக் கணக்கில் பார்த்தால் டன்னுக்கு 2,000 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறேன்.

எடைச்சீட்டு போடும் முன்பே, வண்டியின் நடுவிலிருந்து மூன்று கட்டைகளை நீங்களே உருவி எடுத்துப் பிளக்கச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் பிளந்த பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், பச்சைக் கட்டை சில்லென்று இருக்கும். பிளக்க மறுத்தால் சுமையை இறக்கவே விடாதீர்கள்.