பணம் கட்டி மறைவிடமா, செலவில்லாமல் காரா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வர் பக்கம் வசிப்பவர், வசந்தத்தில் புல்வெளிப் பறவைகளுக்கென்று ஒரு வார இறுதியை ஒதுக்கினால் இரண்டு வழிகள் உண்டு. ஆறேழு மணி நேரம் காரோட்டி பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதிக்குப் போய், ஒரு மாட்டுப் பண்ணையில் பணம் கட்டி, பறவைகளின் கண்ணில் படாமல் பார்ப்பதற்கான மறைவிடத்தில் உட்காரலாம். அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும், கொலராடோவிலேயே உள்ள பாவ்னி தேசியப் புல்வெளியில் இலவசமாகச் சுற்றலாம். இரண்டு இடங்களிலும் மாடுகள் மேய்கின்றன. பார்க்கக் கிடைக்கும் பறவைகள்தான் வேறு.

மணற்குன்றுகள் சுமார் 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பகுதி தனியார் பண்ணை நிலம். சாலையிலிருந்து பார்த்தால் வேலியும் மேடும்தான் தெரியும். பிரெய்ரிக் கோழிகள் என்ற காட்டுப் புல்வெளிக் கோழிகள் இணை தேடிக் கூடி ஆடும் மேடு எது என்று அறிந்தவர் பண்ணைக்காரர்தான். பர்வெல் ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பழைய பள்ளிப் பேருந்தையே மறைவிடமாக நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டோடு உள்ளே போய்விட வேண்டும்; கோழிகள் தாமாகக் கலையும்வரை வெளியே வரக் கூடாது. ஏப்ரலிலும் விரல்கள் விறைக்கும். முதலில் வருவது ஒலி, தொலைவில் ஊதுவதுபோன்ற ஆழ்ந்த முனகல். வெளிச்சம் வந்ததும் சேவல்கள் கழுத்தின் ஆரஞ்சுப் பைகளை உப்பவைத்து, தரையைப் படபடவென்று மிதித்து, ஒன்றையொன்று எதிர்த்துப் பாய்வது தெரியும். பேடுகள் அவசரமே காட்டாமல் நடுவே நடந்து போகும். பெரும்பாலான இணைசேரல் ஓரிரு சேவல்களுக்கே வாய்க்கும். மற்றவை மறுநாளும் வந்து அதே இடத்தில் ஆடும். பருந்து தாழப் பறந்தால் மொத்தக் கூட்டமும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதே பண்ணைகளில் அவற்றின் உறவுப் பறவையான, ஊதாப் பை கொண்ட கூர்வால் கிரவுஸும் ஆடுவதைப் பார்க்க முடியும். காரில் உட்கார்ந்து இவ்வளவையும் ஒரே காலையில் பார்த்துவிட முடியாது.

பாவ்னியின் கணக்கு வேறு. இங்கே காரே மறைவிடம். இறங்கினால் பறவை பறந்துவிடும். மாடுகள் ஒட்ட மேய்ந்த கட்டாந்தரைதான் மலை உப்புக்கொத்திக்குப் பிடிக்கும். பெயரில்தான் மலை, வாழ்வதெல்லாம் சமவெளியில். தடித்த அலகு லாங்ஸ்பர் என்ற சிறு பறவை மேலே எழும்பி, சிறகுகளை உயர்த்திப் பிடித்தபடி பாடிக்கொண்டே மிதந்து இறங்கும். 2020 வரை அதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்புப் படைத் தளபதி ஒருவரின் பெயர் இருந்தது. மாற்றியது நல்லது என்பதே என் கட்சி. மே மாதம் பிறந்தால் கொலராடோவின் மாநிலப் பறவையான லார்க் பன்டிங், கரிய உடலும் வெள்ளைச் சிறகுப் பட்டையுமாக வேலிக் கம்பிகளில் வந்து உட்காரும். எண்ணிக்கையும் வகையும் வேண்டுபவருக்குப் பாவ்னிதான். அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி வருவதால் வரைபடம் இல்லாமல் வேலி தாண்டக் கூடாது.

எனவே நாள்காட்டியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏப்ரல் முதல் பாதி என்றால் பண்ணைக்கே என் ஓட்டு, பணம் போனாலும் சரி. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. உழாமல் விட்ட மேட்டுக்கும் வருமானம் உண்டு என்று பண்ணைக்காரருக்குத் தெரிவது அந்தக் கோழிகளுக்கு நல்லதுதான். கட்டணம் கட்ட மனமில்லாதவர் மணற்குன்றுகளிலேயே உள்ள வாலன்டைன் வனவிலங்குக் காப்பகத்தின் இலவச மறைவிடத்தை முயலலாம். முந்தி வந்தவருக்கே இடம், வழிகாட்டியும் கிடையாது. மே பிறந்துவிட்டால் பாவ்னி. முதல் நாள் நல்ல மழை பெய்திருந்தால் மட்டும் அங்கே போக வேண்டாம். அந்த மண் சாலைச் சேற்றிலிருந்து சாதாரணக் கார் எளிதில் மீளாது.