பெங்களூரு போனால் கண்ணையும் காட்டிவிட்டு வாருங்கள்

லண்டனிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல்லைக் காட்டிக்கொள்கிறார்கள், சர்க்கரை, கொழுப்பெல்லாம் சோதித்துக்கொள்கிறார்கள். கண்ணைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த முறை பெங்களூரு அல்சூரில் அப்பா அம்மாவுடன் தங்கியிருந்தபோது மூன்று பேர் கண்ணையும் ஒரே காலையில் காட்டிவிட்டோம். லண்டனில் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பது சுலபம். அதைத் தாண்டிக் கண் டாக்டரைப் பார்க்கக் கடிதம் வேண்டும்; அவசரமில்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இங்கே காலையில் போன் செய்தால், "பத்தரைக்கு வந்துடுங்க" என்கிறார்கள்.

போனதற்குக் காரணம் அரிப்பு. இந்த ஊரில் தூசிக்கும் பஞ்சமில்லை, பார்த்தீனியச் செடிக்கும் பஞ்சமில்லை. வந்து இறங்கியதுமே கண் சிவந்துவிட்டது. அம்மா முதலில் விளக்கெண்ணெய் விடவா என்றார். வேண்டாம் என்றதும், தெருமுனை மெடிக்கலிலிருந்து சொட்டு மருந்து வாங்கி வைத்துவிட்டார். "ரெண்டு நாள்ல வெளுத்துடும்னு கடைக்காரர் சொன்னார்ப்பா." அட்டைப்பெட்டியைப் படித்தால் டெக்ஸாமெதசோன், அதாவது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. கடையில் யாரும் சீட்டைக் கேட்கவில்லை.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஸ்டீராய்டு போட்டால் சிவப்பும் அரிப்பும் சட்டென்று அடங்கும். அடங்குகிறதே என்று ஆட்கள் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும், கண்புரையும் சீக்கிரம் வரும். கருவிழியில் ஹெர்பிஸ் வைரஸ் புண் இருந்தால் அது இன்னும் பரவும். பெற்றோருக்குக் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண்நோய், இருந்தால் பிள்ளைகளுக்கு இப்படி அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்பாவுக்குக் கிளாக்கோமா இருக்கிறது. பாட்டிலைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

பதிவு கவுன்ட்டரில் கன்னடம், பார்வை சோதித்த பெண்ணிடம் இந்தி, டாக்டரிடம் சேலத்துத் தமிழ். கூடத்துச் சுவரில் கன்னட நடிகர்கள் ராஜ்குமார், அவர் மகன் புனித் ராஜ்குமார் படத்தோடு கண்தானப் போஸ்டர். 2006-ல் ராஜ்குமார் இறந்தபோது அவர் கண்களும் 2021-ல் புனித் இறந்தபோது அவர் கண்களும் தானமாகப் போனது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பிரசாரமும் அந்த அளவுக்கு வேலை செய்திருக்காது என்று தோன்றியது.

டாக்டர் என் மேல் இமையைப் புரட்டிப் பார்த்ததுமே ஒவ்வாமை என்றார். அரிப்புதான் பெரிய தொல்லை என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. மணல் விழுந்த மாதிரி உறுத்தி, சாயங்காலம் எரிந்தால் வறட்சி. கணினியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது நாம் இமைப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது, விமானத்துக்குள் காற்றும் காய்ந்து கிடக்கும். காலையில் மஞ்சள் பூளையால் இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம். ஒரு கண்ணில் நீராக வடிந்து மறு கண்ணுக்கும் தாவினால் வைரஸ், நம்முடைய மெட்ராஸ் ஐ. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, துண்டையும் தலையணையையும் தனியாக வைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான். எனக்கு ஒவ்வாமைச் சொட்டும் குளிர்ந்த ஒத்தடமும் சொன்னார். "கசக்காதீங்க" என்று அழுத்திச் சொன்னார். வருஷக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகிவிடுமாம்.

சரி, அரிப்பு முடிந்தது என்று எழுந்தால், "அப்பாவுக்குக் கிளாக்கோமான்னு எழுதியிருக்கே, உட்காருங்க" என்றார். கண் அழுத்தம் பார்த்தார்கள், 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை சாதாரண அளவு. ஆனால் எண் சரியாக இருந்தும் பார்வை நரம்பு கெடுபவர்கள் உண்டு என்பதால், கண்மணி விரியச் சொட்டு விட்டு அரைமணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்து, பிறகு நரம்பைப் பார்த்தார்கள். அன்று மதியம் முழுக்க எழுத்து மங்கலாகவும் வெயில் கூசலாகவும் இருந்தது. ஸ்கூட்டரில் போகாதீர்கள், ஆட்டோதான். கிளாக்கோமாவில் பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது. அப்பாவுக்கே வேறு எதற்கோ போன இடத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருந்தால் 40 வயதிலிருந்து கண் சோதனை இலவசம். அங்கே இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

அம்மாவுக்குக் கண்புரை ஆரம்பம். பழுக்கட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கம் இப்போது தேவையில்லை. அன்றாட வேலைக்கு இடைஞ்சலானால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், இப்போது அவசரமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ஆலோசகர் என்று ஒரு பெண், புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலைப்பட்டியலோடு உட்காரவைத்துவிட்டார். இந்த வாரமே பதிந்தால் தள்ளுபடியாம். டாக்டர் இப்போதுதானே அவசரமில்லை என்றார்? தூரம், பக்கம் இரண்டுக்கும் உதவும் விலை உயர்ந்த மல்டிஃபோகல் லென்ஸ் போட்டால் கண்ணாடித் தேவை குறையும் என்பது சரி. சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். சாதாரண லென்ஸில் தூரம் தெளிவாகத் தெரியும், படிக்கக் கண்ணாடி வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது போதும். இந்தப் பேச்சு மட்டும் இல்லாதிருந்தால் அந்த இடத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

போகிறவர்கள் பயணத்தின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கண்ணாடி செய்து வர, போட்டுப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுக்க நேரம் இருக்கும். ஸ்கேன் அச்சுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் ஒப்பிட அது வேண்டும். ஆனால் திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூடினாலோ, திரை இறங்கின மாதிரி இருந்தாலோ, கண் சிவந்து வலியோடு வாந்தி வந்தாலோ பயணத்துக்குக் காத்திருக்காதீர்கள், இருக்கிற ஊரில் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

என் நரம்பு இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. தம்பி ஓசூரில் இருக்கிறான், 43 வயது, இதுவரை ஒருமுறைகூடக் காட்டியதில்லை. "எனக்குத்தான் நல்லா தெரியுதே" என்கிறான். அப்பாவுக்கும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருந்தது என்று சொல்லி, அவனுக்கும் ஒரு சனிக்கிழமை நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.