சொந்தக் காரும் வருமான வரியும்: ஒரு தணிக்கையாளர் அலுவலகச் சேவை பற்றி

கட்டடக் கலைஞரான நான், வேலைத்தளங்களுக்குச் சொந்தக் காரில் செல்லும் செலவை வரிக் கணக்கில் கழிப்பதற்காக, கோவையிலுள்ள ஒரு பட்டயக் கணக்காளர் அலுவலகத்தை 2024-25 நிதியாண்டுக்கு நாடினேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்கீழ் மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் பெட்ரோல், காப்பீடு, தேய்மானம் (பயன்பாட்டால் காரின் மதிப்பில் ஆண்டுதோறும் ஏற்படும் குறைவு) எதையும் தனியே கழிக்க முடியாது என்பதை முதலிலேயே விளக்கி, இரு வழிகளிலும் கணக்கிட்டுக் காட்டிய பிறகே முறையான கணக்கேடுகள் வைத்து உண்மைச் செலவுகளைக் கழிக்கும் இரண்டாம் வழியைப் பரிந்துரைத்தார்கள்.

அவர்களின் திறமை நுணுக்கங்களில் தெரிகிறது. பத்து லட்ச ரூபாய்க் காருக்கு 15 சதவீதத் தேய்மானம் 1,50,000 ரூபாய். தொழில் பயன்பாடு 70 சதவீதமானால் கழிக்கக்கூடியது 1,05,000 ரூபாய்தான். வாங்கிய ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதிலும் பாதி. அந்த 70 சதவீதத்தை வாய்மொழியாக ஏற்காமல், தேதி, தளத்தின் பெயர், புறப்படும்போதும் திரும்பும்போதும் உள்ள கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்த பயணப் பதிவேட்டைக் கேட்டு, ஃபாஸ்டேக் அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். குடும்பத்தோடு பழனி சென்ற பயணம் சிவப்பு மையில் அடிபட்டது! பங்க் ரசீதுகள் சில மாதங்களில் வெளிறிவிடுவதால் உடனே படமெடுத்து அனுப்பச் சொன்னது நல்ல யோசனை.

கட்டணம் சற்று அதிகம். கெடு நெருங்கும் வாரங்களில் தொலைபேசியை எடுப்பதே இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இச்சேவை தேவைப்படாது. அவர்கள் நிறுவனத்திடமிருந்து கார் செலவை ஈடாகப் பெறுவதே வழி.