வெறும் டிரைபாடா, ஸ்டார் டிராக்கரா?

ஓரியன், விருச்சிகம் மாதிரி பெரிய விண்மீன் கூட்டத்தை முழுசாகப் படம் பிடிக்க 24 எம்எம் லென்ஸும் டிரைபாடும் போதும்; விண்மீன்களின் நகர்வோடு கேமராவையும் திருப்பும் ஸ்டார் டிராக்கர் கருவி தேவையில்லை. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 500ஐ லென்ஸின் எம்எம்மால் வகுக்க வேண்டும். 500ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 20 நொடி; அதற்குள் விண்மீன்கள் பெரிதாகக் கோடு இழுக்காது (இது 35 எம்எம் பிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் பிரேம் கேமராவுக்கான கணக்கு, இன்றைய அதிக மெகாபிக்சல் கேமராக்களில் 12 நொடியோடு நிறுத்துங்கள்).

கார்த்திகைக் கொத்து கதையே வேறு. அது வானத்தில் சுமார் 2 டிகிரி அகலம்தான், 24 எம்எம்மில் சின்னப் புள்ளிகளாகத்தான் விழும். 200 எம்எம் போட்டால் நன்கு பெரிதாக வரும், ஆனால் அதே கணக்கில் இரண்டரை நொடிதான் கிடைக்கும், அந்த ஒற்றைப் படத்தில் கொத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசுப்படலத்தை எதிர்பார்க்கவே வேண்டாம். பூமியின் சுழற்சிக்கு ஈடாக மணிக்கு 15 டிகிரி திரும்பும் டிராக்கர் இருந்தால், அது சுழலும் அச்சைச் சரியாகப் பொருத்திவிட்டு ஷட்டரை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்கலாம்.

அந்த அச்சுதான் தொல்லை. அது துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். நம் பக்கம் ஜவ்வாது மலையிலேயே அது 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், கன்னியாகுமரியில் வெறும் 8. ஒரு தென்னைமரம் போதும், மறைத்துவிடும்.

என்னைக் கேட்டால், முதலில் டிரைபாடிலேயே ஓரிரு நொடிப் படங்களாக நூறு, இருநூறு எடுத்து, இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பாருங்கள். டிராக்கர் செலவை அப்புறம் யோசிக்கலாம்.