மாருதி ஜென்னில் டர்போ: 41,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு அடிக்கடி பெட்ரோல் காரில் போய் வருகிறவர்கள் கவனித்திருப்பார்கள். கிருஷ்ணகிரியில் இறங்கியதும் வண்டிக்குத் தனித் தெம்பு வந்துவிடும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் இழுவையும் குறையும். என்னுடையது 2001ஆம் ஆண்டு ஜென், 993 சி.சி. சேலத்தில் மாமனார் வீட்டுத் தெருவில் துள்ளும் வண்டி, அல்சூரில் எங்கள் தெரு மேட்டில் ஏறும்போது முனகும். காற்றைப் பிடித்து உள்ளே திணித்தால் என்ன என்ற ஆசை அங்கேதான் பிறந்தது. 2021இல் ஆர்.சி. புதுப்பித்த கையோடு வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அதைச் செய்யும் கருவிதான் டர்போ: வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். சிவாஜிநகர் பழைய சாமான் கடையொன்றில் ஒன்று கிடைத்தது. 1.3 லிட்டர் டீசல் காரிலிருந்து கழற்றியது, விலை 9,000 ரூபாய். உள்ளே சுழலும் தண்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்ததும் மனைவி கேட்டாள்: "இந்தத் தேங்காய்க்கா ஒன்பதாயிரம்?" தேங்காய் மலிவுதான், சட்னிதான் ஒன்றரை லட்சம் ஆயிற்று. டர்போ உட்காரப் புதிதாக வெல்டிங் செய்த மேனிஃபோல்டு (புகைக் குழாய்த் தொகுதி), அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், பெட்ரோலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், பெட்ரோல் பம்ப், எஞ்சின் கணினியோடு சேர்த்து வைக்கும் இன்னொரு கணினி, கிளட்ச், இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியே பணம். டர்போவின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் என்னைப் போல ஏமாறுவார்கள்.

டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்தை 0.35 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் ஏற்றவில்லை. அழுத்தும்போது காற்று சூடாகிறது. சூடு மிஞ்சினால், பிளக் எரிய வைத்தது போக மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து நாக்கிங் வரும், பிஸ்டன் உடையும். அதற்காகத்தான் பிளக் எரியும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றும்படி கணினியை அமைத்தோம். அளந்து பார்த்தபோது சக்கரத்தில் 46 குதிரைத்திறன் 63 ஆகியிருந்தது.

நகருக்குள் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒன்றுமில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கீழே ஓடினால் டர்போ தூங்குகிறது. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அந்தச் சுற்றை எட்ட வழி ஏது? அங்கே அது தந்தது வெப்பம் மட்டும்தான். ரேடியேட்டர் விசிறி ஓயவே ஓயாது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 12க்கு இறங்கியது. வீடு வந்து சேர்ந்ததும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்ட பிறகே அணைப்பேன். உடனே அணைத்தால் கொதிக்கும் டர்போவில் தேங்கிய ஆயில் கருகிப் படியும். வாசலில் பொழுது போகாமல் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் நினைத்திருப்பார்.

செலவழித்த பணத்துக்குப் பலன் தெரிந்த இடம் தொப்பூர் கணவாய். சேலத்திலிருந்து திரும்பும்போது அது ஏற்றம். நான்கு பேர், மாமியார் கட்டிக்கொடுத்த அரிசி மூட்டை, மாம்பழப் பெட்டி இத்தனையோடும் முன்பெல்லாம் இரண்டாம் கியரில் லாரிக்குப் பின்னால் ஊர்வேன். டர்போவுக்குப் பிறகு மூன்றாம் கியரில், ஏ.சி.யை அணைக்காமல் ஏறினேன். மெல்லிய விசில் சத்தம் கேட்கும், முதுகை இருக்கை லேசாகத் தள்ளும். வெறும் 17 குதிரைகள் இப்படிச் செய்யுமா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

இரண்டு தடவை அடி வாங்கினேன். முதல் மாதமே சிக்னலில் நின்றால் நீலப் புகை. பொருத்திக் கொடுத்தவர், ஆயில் கசியாமல் தடுக்கும் டர்போவின் சீல் போய்விட்டது, வேறு டர்போ வாங்குங்கள் என்றார். மனம் ஒப்பாமல் ஜே.சி. ரோட்டில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஆயில் இறங்குவதற்கு நீங்கள் வழியே விடவில்லையே" என்றார். டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது, நுரைத்துத் தானாகத்தான் வடிய வேண்டும். எனக்குப் போட்டிருந்த குழாய் நடுவில் ஒரு விரற்கடை மேலே வளைந்திருந்தது. தேங்கிய ஆயில் சீலைத் தாண்டி சைலன்சருக்குள் போயிருக்கிறது. அகலமான குழாயை நேராகச் சரித்துப் போட்டார், புகை நின்றது. கூலி 600 ரூபாய்.

இரண்டாவது அடி என் கஞ்சத்தனத்துக்குக் கிடைத்தது. டீசல் எஞ்சினை விடப் பெட்ரோல் எஞ்சினின் புகை அதிகச் சூட்டோடு வெளியேறும். டீசல் டர்போவின் இரும்பு அதற்காக வார்த்தது அல்ல. 23,000 கிலோமீட்டரில் அதன் கூட்டில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். இன்னொரு பழைய டர்போ, இன்னொரு 11,000 ரூபாய்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் அதைத் தாமதமாகத்தான் படித்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை இப்படி மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கை விரிக்கவும் இடமுண்டு. தெரிந்த பிறகும் சில மாதங்கள் ஓட்டினேன், பெருமைப்பட அதில் எதுவும் இல்லை.

இன்னொரு முறை செய்ய மாட்டேன். டர்போ ஆசை உள்ளவர்கள் தொழிற்சாலையிலேயே டர்போவோடு வரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாகத் தேடுங்கள். 2017இல் வந்த பலேனோ ஆர்.எஸ். 998 சி.சி.யில் நூறு குதிரைத்திறன் தந்தது, ஆர்.சி.யிலும் சிக்கல் இல்லை.

போன மாதம் எல்லாவற்றையும் கழற்றிப் பழைய எஞ்சின் அமைப்புக்கே திரும்பிவிட்டேன். சேலத்திலிருந்து வந்தபோது தொப்பூரில் மறுபடி இரண்டாம் கியர், ஏ.சி. நிறுத்தம். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா விழித்து, வண்டியில் ஏதோ பழுதா என்று கேட்டார்.