‘நாட்டு விதை’ என்று நம்பி மாசிப் பட்டத்தை இழந்தேன்

மொட்டை மாடியில் காய்கறி போடுகிறவர்கள் யாராவது கைப்பேசி விளம்பரம் பார்த்து விதை வாங்கும் எண்ணத்தில் இருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

தை மாதக் கடைசியில் பன்னிரண்டு பைகளில் மண், மட்கிய சாணம், தேங்காய் நார்க்கழிவு எல்லாம் கலந்து நிரப்பித் தயாராக வைத்திருந்தேன். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ‘மருந்து படாத பாரம்பரிய நாட்டு விதைகள், 15 வகை, 480 ரூபாய்.’ அனுப்பினேன். நான்கே நாளில் பார்சல் வந்தது. ரசீது இல்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

மாசி முதல் வாரம் வெண்டையை ஊறவைத்தேன். காலையில் பார்த்தால் கிண்ணத்துத் தண்ணீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. விதைகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்ட என் மகளின் விரல் நுனிகளிலும் அதே சாயம். பூஞ்சணக் கொல்லியால் நேர்த்தி செய்த விதைக்கு, யாரும் தவறிச் சாப்பிட்டுவிடக்கூடாது என்று இப்படி நிறம் ஏற்றுவது வழக்கம். அந்த விதையில் தவறில்லை. ஆனால் அதை ‘மருந்து படாதது’ என்று சொல்லிக் குழந்தைகள் கையாளும் வீட்டுக்கு அனுப்பியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, முளைக்கவாவது செய்யட்டும் என்று ஊன்றினேன். வெண்டை ஐந்தாறு நாளில் தலைகாட்டிவிடும். பத்து நாள் ஆகியும் நாற்பது விதையில் ஐந்துதான் வந்தன. கத்தரியில் ஒன்றுகூட இல்லை. கத்தரிப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த வண்ணத் தாளை ஈரத்துணியால் துடைத்து மெல்ல உரித்தேன். அடியில் வேறொரு நிறுவனத்தின் விவர அட்டை. காலாவதி நாள் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ரகத்தின் பெயருக்குப் பக்கத்தில் வீரிய ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட், என்றும் தெளிவாக அச்சிட்டிருந்தது. நாட்டு விதையாம்!

விற்றவரை அழைத்தேன். “மண் சரியில்லை மேடம், தண்ணீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்” என்றார். உரித்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பியதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். மண்ணில் குறையில்லை என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவின் விதை காட்டிக்கொடுத்தது. அவர் தம் செடியிலேயே முற்றவிட்டு எடுத்த வெண்டை விதை இருபதை ஈரத்துணியில் முடிந்து வைத்தேன், பதினெட்டு முளைவிட்டன. பார்சலில் வந்ததில் இருபதுக்கு மூன்று. சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம் இருக்க வேண்டும்.

480 ரூபாய் போனதைவிட, விதைக்கும் பருவமான மாசிப் பட்டம் போனதுதான் வயிற்றெரிச்சல். மறுபடி விதை தேடி ஊன்றுவதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். மாடியில் இளநாற்று அதைத் தாங்காது.

பொட்டலத்தில் விற்கிற விதை என்றால் பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதனை நாள், காலாவதி நாள், முளைப்புத்திறன் எல்லாம் விவர அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்று விதைக்கு நீல நிற அட்டை இருக்கும். விற்பவருக்கு உரிமம் வேண்டும், ரசீதும் தர வேண்டும். விதைத் திருவிழாவில் விவசாயி தம் வயலில் எடுத்த விதையை அட்டையில்லாமல் கொடுப்பது வேறு கதை. அவரிடம் முகம் பார்த்துக் கேள்வி கேட்கலாம், அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்பார். தாளுக்கு மேல் தாள் ஒட்டியிருந்தால் மட்டும் தயங்காமல் உரித்துப் பாருங்கள். எங்கு வாங்கினாலும் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்துவிட்டு மண்ணில் போடுங்கள்.

மீதிப் பொட்டலங்களைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். பணம் அனுப்பிய பதிவு, பார்சல் உறை, உரித்த அட்டை எல்லாவற்றையும் சேர்த்துத் திங்கட்கிழமை விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். காலிப் பைகளில் இப்போதைக்கு அக்கா கொடுத்த சிறுகீரை விதையைத் தூவியிருக்கிறேன். இன்று நான்காம் நாள், மண் முழுவதும் பச்சை பூத்திருக்கிறது.